அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்கள்: மத்திய ஐரோப்பியப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், வியன்னா

'ஆஸ்திரியாவில் கங்காரு கிடையாது.' எந்த நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் இந்த வாசகம் அச்சிட்ட பனியன் தொங்குகிறது. மஞ்சள் பலகை, அதில் கறுப்புக் கங்காரு. தம்பி வந்திறங்கிய அன்றே ஒன்று வாங்கிவிட்டான். "இதைப் போட்டுக்கிட்டு நம்ம தெருவுல நடந்தா யாருக்குப் புரியும்டா?" என்றேன். "புரியாட்டி என்னக்கா, நீ இருக்கியே விளக்கம் சொல்ல" என்கிறான். பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவளோடு ஊர் சுற்ற வந்தால் இப்படித்தான் பேசத் தோன்றும் போலிருக்கிறது.

விளக்கம் இதுதான். ஆஸ்திரேலியா, தெற்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்திரியா, கிழக்கைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லுக்கு லத்தீன் சட்டை மாட்டியதால் வந்தது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் நாட்டை ஓஸ்டர்ரைஷ் என்கிறார்கள். கிழக்கு அரசு, கிழக்குச் சீமை என்று பொருள். எதற்குக் கிழக்கு? இன்று ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவுக்கு. பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி பவேரியாவின் கிழக்கு எல்லைக்காவல் நிலம். அங்கிருந்து பார்த்தால்தான் இது கிழக்கு. வியன்னாவில் நிற்பவனுக்கு இது நடு. ஆனாலும் அவனும் ஆயிரம் வருஷமாகத் தன் நாட்டைக் கிழக்கு என்றே சொல்கிறான்.

மாலையில் ஸ்டீபன் பேராலயம். வர்ணம் பூசிய ஓட்டுக்கூரையை எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். நான் தேடிப் போனது தரைமட்டத்தில் இருக்கிறது. முகப்பு வாசலுக்கு வலப்பக்கச் சுவரில், கண்ணாடி போன்ற தகட்டுக்குப் பின்னால், 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் 5 என்ற எண்ணும். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது நாட்டோடு பெயரையும் விழுங்கினான். முதலில் 'ஓஸ்ட்மார்க்', கிழக்கு எல்லைப்புறம் என்று மாற்றினார்கள். 'மேல் ஆஸ்திரியா' மேல் டான்யூப் ஆனது, 'கீழ் ஆஸ்திரியா' கீழ் டான்யூப் ஆனது. ஓஸ்ட்மார்க் என்ற பெயரிலும் பழைய நாட்டின் நிழல் தெரிகிறது என்றோ என்னவோ, 1942இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எதிர்ப்புக் குழுவினர் தங்கள் ரகசிய அடையாளத்துக்கு ஓஸ்டர்ரைஷ் என்ற பழைய பெயரின் முதல் எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஓ-வுக்குப் பக்கத்தில் ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்தான 'இ' சேர்ந்தால் ஓஸ்டர்ரைஷின் முதல் எழுத்து வரும். ஐந்தாம் எழுத்துக்கு பதில் 5. வெறும் எழுத்தும் எண்ணும்தான், அதைச் சுவரில் எழுதியவன் பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும்.

புதன், மரியா என்சர்ஸ்டோர்ஃப்

வியன்னாவுக்குத் தெற்கே, மூட்லிங் ஊரை ஒட்டி, ஒரு பாறை. அதன் மேல் ஒரு கோட்டை. பெயர் லீக்டன்ஸ்டைன், 'வெளிறிய கல்'. ஆம், அதே பெயரில் ஒரு நாடும் இருக்கிறது; ஆனால் அந்த நாடு இங்கே இல்லை. மேற்கே வெகுதூரத்தில், சுவிட்சர்லாந்தை ஒட்டிக் கிடக்கிறது.

இந்தக் கோட்டையால் பெயர் பெற்ற குடும்பத்திடம் நிலமும் பணமும் ஏராளம். புனித ரோமானியப் பேரரசின் இளவரசர் அவையில் உட்கார மட்டும் தகுதி இல்லை. அதற்குச் சக்கரவர்த்தியின் நேரடி ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட மண் சொந்தமாக இருக்க வேண்டும். அப்படி விலைக்கு வந்தவை ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இரண்டு சின்ன ஜமீன்கள். 1699இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712இல் வாடூஸையும் வாங்கினார்கள். 1719இல் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் இரண்டையும் சேர்த்துச் சிற்றரசாக்கி, குடும்பப் பெயரையே நாட்டுக்கும் சூட்டினார். வாங்கிய சொத்தில் குடியேற அவர்களுக்கு அவசரமே இல்லை. ஆளும் இளவரசர் ஒருவர் அங்கே போய் நிரந்தரமாகத் தங்கியது 1938இல்தான். கண்ணால் பாராத ஊருக்குத் தன் பெயரை வைத்துவிட்டு வியன்னாவில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களின் நிதானத்தை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

வியாழன், நொய்ஹோஃபன்

தம்பிக்கு இன்று வர இஷ்டமே இல்லை. "ஒரு காகிதத்தோட நகலைப் பாக்க ரெண்டு மணி நேரம் போகணுமாக்கா?" காகிதம் இல்லை, தோல். ஆம்ஸ்டெட்டனில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து நொய்ஹோஃபன் அன் டெர் இப்ஸ். சுற்றிலும் பேரி மரங்கள். முற்றத்தை நாலு பக்கமும் கட்டி அடைத்த சதுரமான பண்ணை வீடுகள். இந்த வட்டாரத்துக்கே 'மோஸ்ட்' என்ற பேரிச்சாறு மதுவின் பெயர்தான்.

996ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, மூன்றாம் ஓட்டோ சக்கரவர்த்தி இந்த ஊரில் கொஞ்சம் நிலத்தை பவேரியாவின் ஃபிரைசிங் ஆயருக்கு எழுதிக் கொடுத்தார். நம் ஊர் செப்பேட்டில் வருவது போன்ற தானப் பத்திரம்தான்: இன்னாருக்கு, இவ்வளவு, இன்ன இடத்தில். இடத்தைச் சொல்லும்போது எழுத்தர், 'மக்கள் பேச்சு வழக்கில் ஓஸ்டரிக்கி எனப்படும் பகுதியில்' என்று குறித்துவைத்தார். அந்தப் பெயர் எழுத்தில் ஏறியதற்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அதுவே. மூல ஆவணம் முனிக்கில், பவேரிய அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாட்டின் பெயர்ச் சான்று பக்கத்து நாட்டில்! இங்கே நினைவகத்தில் இருப்பது நகல்.

1996இல் ஆஸ்திரியா ஆயிரமாண்டு விழா கொண்டாடியதே இந்தப் பத்திரத்தை வைத்துத்தான். நாடு தோன்றிய நாளைக் கொண்டாடுவார்கள், விடுதலை பெற்ற நாளைக் கொண்டாடுவார்கள். பெயர் எழுதப்பட்ட நாளை இவ்வளவு பெரிதாகக் கொண்டாடியவர்களை நான் வேறு கேள்விப்பட்டதில்லை. பெயரைப் பறிகொடுத்துத் திரும்பப் பெற்றவர்களுக்கு அது பெரிதாகத்தான் படும். ஹிட்லருக்கு முன்பும் ஒரு இழுபறி உண்டு. 1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது இவர்கள் தங்களுக்கு 'ஜெர்மன் ஆஸ்திரியா' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் வென்ற நாடுகள் 1919இல் சேன் ஜெர்மேன் உடன்படிக்கையில் அந்த 'ஜெர்மன்' கூடாது என்று வெட்டிவிட்டன.

பேரிச்சாறு தம்பியைச் சமாதானப்படுத்தியது.

வெள்ளி, பிராட்டிஸ்லாவா

வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். மொழி மாறுகிறது, ஆஸ்திரியாவின் பெயரும் மாறுகிறது. ஸ்லோவாக்கியர் அதை ரக்கூஸ்கோ என்கிறார்கள், செக் மக்கள் ரக்கௌஸ்கோ. காரணம், மொராவிய எல்லைக்கு அருகே தாயா ஆற்றங்கரையில் உள்ள ராப்ஸ் கோட்டை. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்டது அது. அதன் பெயரே கோட்டைக்குப் பின்னால் இருந்த நாடு முழுவதற்கும் ஆயிற்று. 

ஜெர்மனியின் கதை இன்னும் வேடிக்கை. ஸ்லாவ் மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர், 'ஸ்லோவோ', அதாவது சொல் என்பதோடு தொடர்புடையது என்பது பரவலான விளக்கம். சொல் தெரிந்தவர்கள், பேசினால் புரிகிறவர்கள். பக்கத்தில் இருந்த ஜெர்மானியர் பேசியது புரியவில்லை. ஆகவே அவர்கள் 'நெமெட்ஸ்', ஊமைகள். இன்றும் ஸ்லோவாக் மொழியில் ஜெர்மனி 'நெமெட்ஸ்கோ', போலிஷில் 'நியெம்ட்ஸி'. அந்தப் பெயர் துருக்கியர் வழியாக அரபு மொழிக்குப் போனபோது, ஆள் மாறி ஆஸ்திரியா தலையில் விழுந்தது. அரபியில் ஆஸ்திரியா இன்றைக்கும் 'அந்நம்ஸா'. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் விமான நிலையப் பலகையில் பார்த்திருப்பீர்கள்.

ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. கொடியிலும் இருவருக்கும் அதே வெள்ளை, நீலம், சிவப்பு. 1999இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு ஸ்லோவாக் பத்திரிகையாளரிடம் இரண்டையும் குழப்பிப் பேசி மாட்டிக்கொண்டார். ஸ்லோவாக்கியர் தங்கள் நாட்டையே 'ஸ்லோவென்ஸ்கோ' என்பதால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

ஊரின் பெயரும் பழையது இல்லை. ஜெர்மன்காரருக்கு பிரெஸ்பர்க், ஹங்கேரியருக்கு போஜோனி. 1563 முதல் 1830 வரை ஹங்கேரி அரசர்கள் முடிசூடிய ஊர். மார்ட்டின் பேராலயக் கோபுரத்தின் உச்சியில் சிலுவைக்குப் பதில் கிரீடம் வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அதிபர் வில்சனின் பெயரைச் சூட்டி 'வில்சன் நகர்' ஆக்கப் பார்த்தார்கள். 1919இல் பிராட்டிஸ்லாவா என்று முடிவானது. நல்லவேளை.

ஆனால் இந்த ஊரில் எனக்குப் பிடித்த கதை ஒரு சின்ன இணைப்புக்கோடு பற்றியது. கம்யூனிச ஆட்சி விழுந்ததும், 1990 ஜனவரியில், செக்கோஸ்லோவாக்கியாவின் பெயரில் இருந்த 'சோஷலிச' என்ற சொல்லை நீக்கலாம் என்றார் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்திருப்பார். ஸ்லோவாக் தரப்பு, பெயருக்கு நடுவே ஒரு இணைப்புக்கோடு வேண்டும், அப்போதுதான் நாங்கள் தனி இனம் என்பது தெரியும் என்றது. செக் தரப்புக்கு அந்தக் கோடு கசப்பு. 1938இல் மியூனிக் ஒப்பந்தத்தில் நாடு துண்டாடப்பட்ட கையோடு வந்த கோடு அது. மார்ச் மாதம் ஒரு சமரசம்: செக் மொழியில் கோடு இல்லாமல், ஸ்லோவாக் மொழியில் கோடு போட்டு. ஒரே நாடு, இரண்டு எழுத்துக்கூட்டல்! அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரலில் 'செக், ஸ்லோவாக் கூட்டாட்சிக் குடியரசு' என்று நீட்டினார்கள். 1993 ஜனவரி 1 அன்று நாடே இரண்டானது. கோட்டால்தான் பிரிந்தது என்று சொன்னால் அதிகம். என்றாலும், பிரிவு வரப்போகிறது என்பதை அந்தக் கோடு முன்கூட்டியே சொல்லிவிட்டது என்பேன்.

சனி, புடாபெஸ்ட்

மழை. வெந்நீர்க் குளியல். வறுத்த லாங்கோஷ் ரொட்டி, அதன் மேல் பூண்டும் புளிப்பு கிரீமும். வேறொன்றும் இல்லை.

ஞாயிறு, புடாபெஸ்ட்

1896இல் திறந்த மஞ்சள் மெட்ரோவில் வீரர் சதுக்கம் போனோம். அந்த வருஷம் இவர்களுக்கு ஆயிரமாண்டு விழா. ஏழு குலத் தலைவர்கள் குதிரைகளோடு கார்பேத்தியப் படுகைக்கு வந்து சேர்ந்ததன் நினைவு. சதுக்கத்தின் நடுத்தூணைச் சுற்றி அந்த ஏழு பேரும் குதிரை மேல் நிற்கிறார்கள், முன்னால் ஆர்பாத். குலங்களில் ஒன்றின் பெயர் மெஜெர். அதிலிருந்தே 'மஜார்', நாடு 'மஜாரோர்ஸாக்'.

அப்படியென்றால் ஹங்கேரி எங்கிருந்து வந்தது? 'ஒனோகுர்' என்ற துருக்கிய வழிக் கூட்டத்திடமிருந்து. 'பத்து அம்புகள்', அதாவது பத்துக் குலங்கள். மஜார்கள் புல்வெளியில் அலைந்த காலத்தில் அவர்களோடு கலந்து பழகியதால், மேற்கே இருந்தவர்கள் இவர்களுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். லத்தீன் எழுத்தர்கள் ஹூணர் நினைவில் முன்னால் ஒரு 'ஹ'வைச் செருகிவிட்டார்கள். போலந்துக்காரர் சொல்லும் 'வெங்க்ரி'யில் அந்த 'ஹ' இல்லை. இப்படியாக, ஹூணரும் இல்லாத ஒனோகுரும் இல்லாத ஒரு மக்களுக்கு இரண்டு பேருடைய பெயரும் ஒட்டிக்கொண்டது.

இவர்கள் மற்றவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களும் சளைத்தவை அல்ல. ஜெர்மனி 'நேமெட்டோர்ஸாக்'; ஸ்லாவ்களிடம் கடன் வாங்கிய ஊமைதான். போலந்து 'லெங்யெலோர்ஸாக்'. போலந்துக்காரர் தங்களை வயல்வெளி மக்களான போலானியரின் வழி என்கிறார்கள். ஹங்கேரியருக்கோ பக்கத்தில் இருந்த லெண்டியக் குலம்தான் தெரிந்தது. லிதுவேனியரும் பழைய துருக்கியரும் பாரசீகரும் சொன்னது அந்தக் குலத்தின் பெயரைத்தான். 

இத்தாலி 'ஒலாஸோர்ஸாக்'. இதைத் தொட்டால் ஐரோப்பா முழுக்க இழுத்துக்கொண்டு போகும். ஜெர்மானியர் ரோமானியரையும் கெல்ட்டுகளையும் 'வல்ஹஸ்' என்றார்கள், அந்நியர் என்ற பொருளில். பிரிட்டனில் அது வேல்ஸ் ஆனது, பெல்ஜியத்தில் வலோனியா, போலிஷில் இத்தாலிக்குப் பெயர் 'வ்வோஹி', ருமேனியாவின் தென்பகுதி வலாக்கியா. வேல்ஸ் மக்கள் தங்களை 'கம்ரி', ஒரே மண்ணின் மக்கள் என்கிறார்கள். ருமேனியர் தங்களை ரோமானியர் என்கிறார்கள். பிறந்த மண்ணில் இருந்துகொண்டே அந்நியர் என்று பட்டம் வாங்கிய கூட்டம் இவ்வளவு.

கிராமத்தில் 'வேப்பமரத்து வீட்டுக்காரங்க' என்று ஒரு குடும்பத்துக்குப் பெயர் இருக்கும். தெருவில் போகிறவன் கண்ணில் பட்டது மரம். வீட்டுக்குள் இருப்பவர்கள் தங்களை அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதே இல்லை. ஐரோப்பிய வரைபடத்தில் பாதி நாடுகள் அப்படிப் பெயர் பெற்றவைதான். பெயரைக் கேட்டால், அதை வைத்தவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்பது தெரிந்துவிடும். அவர்களே வைத்துக்கொண்ட பெயர்களில் சிலவோ, தோண்டினால் 'மக்கள்', 'நம்மவர்' என்று வருகின்றன.

செவ்வாய், ப்ராக்

நேற்று முழுக்க ரயில். இன்று ப்ராகுக்கு வடக்கே ரீப் குன்று. சமவெளியில் தனியாக எழும்பி நிற்கிற, ஐந்நூறு மீட்டர்கூட இல்லாத, எரிமலைப் பாறைக் குன்று. மேலே வட்டமான சின்ன ஜார்ஜ் ஆலயம். ஒவ்வொரு செக் குடிமகனும் ஆயுளில் ஒருமுறை இதில் ஏற வேண்டும் என்று சொல்வார்கள். மூதாதை செக் தன் கூட்டத்தோடு இங்கே ஏறி நின்று, பாலும் தேனும் ஓடும் நாடு இதுதான் என்று காட்டினாராம். 1868இல் ப்ராக் தேசிய நாடக அரங்குக்கு அடிக்கல் நாட்டியபோது இந்தக் குன்றிலிருந்து ஒரு கல் போனது.

கதையை முதலில் எழுதியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு ப்ராக் பேராலயக் குரு காஸ்மாஸ். அவர் லத்தீனில் எழுதியதால் மூதாதையின் பெயர் அதில் செக் அல்ல, 'போயமுஸ்'. பொஹீமியா என்ற நாட்டுக்குப் பொருத்தமாக ஒரு ஆளைச் செய்துவிட்டார். உண்மையில் பொஹீமியா 'போயி' என்ற கெல்ட்டிய மக்களின் வீடு என்று பொருள்படும். போயிகள் ஸ்லாவ்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கிருந்து போய்விட்டார்கள். வீட்டைக் காலி செய்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பிரான்சில் நாடோடி ரோமா மக்கள் பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து அவர்களை 'பொஹீமியர்' என்றார்கள். அவர்களைப் போல் கட்டுப்பாடின்றி வாழ்ந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. போயிகளுக்கும் பாரிஸ் மாடி அறை ஓவியனுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை.

1993க்குப் பிறகு இவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'செக் குடியரசு' என்ற நீளப் பெயர் இருந்தது, ஆங்கிலத்தில் பழகிய சுருக்கப் பெயர் இல்லை. 2016இல்தான் 'செக்கியா' என்பதை ஐ.நா. பட்டியலில் பதிந்தார்கள். உள்ளூரில் இன்னும் முணுமுணுப்பு உண்டு. செக் என்பது மேற்குப் பகுதியான பொஹீமியாவின் பெயர். கிழக்கே மொராவியாவில் இருப்பவன், அப்போது நான் யார் என்று கேட்கிறான்.

புதன், ரயிலில்

ப்ராகிலிருந்து லின்ஸ், அங்கே மாறி ஸூரிக் போகும் ரெயில்ஜெட். ஃபெல்ட்கிர்ஷ் தாண்டியதும் தம்பியை எழுப்பினேன். "இது லீக்டன்ஸ்டைன்டா." அவன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க வாகாக உட்காருவதற்குள் ரைன் ஆற்றுப் பாலம் வந்துவிட்டது, சுவிட்சர்லாந்து. எங்கள் ரயில் அந்த நாட்டில் நிற்கவே இல்லை. பிறகு மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே வாலன்ஸே ஏரி. அதுவும் அதே 'வல்ஹஸ்'தான். லத்தீன் வழிப் பேச்சு பேசியவர்கள் ஒருகாலத்தில் இதன் கரையில் இருந்தார்கள்.

வியாழன், ஷ்வீஸ்

இரண்டு கூர்மையான மித்தன் மலைகளின் காலடியில் ஒரு சிற்றூர். நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். 1291இல் ஊரி, ஷ்வீஸ், உன்டர்வால்டன் ஆகிய மூன்று பள்ளத்தாக்குகள் செய்துகொண்ட உடன்படிக்கைப் பத்திரம் இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் நடக்கும் மக்களாட்சி ஒன்றுக்கு இத்தனை பழைய தோல் ஏடு சாட்சியாக இருப்பது அபூர்வம்.

அவர்கள் தங்களை 'ஐட்கெனோஸன்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், சத்தியம் செய்த கூட்டாளிகள். எதிர்த்து நின்ற ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் தரப்புக்கு அந்த மூவரில் முரட்டுத்தனமாகத் தெரிந்தது ஷ்வீஸ்காரன். ஆகவே மொத்தக் கூட்டமும் 'ஷ்வீஸர்'. திட்டுவதற்கு வைத்த பெயரைப் பிறகு இவர்களே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். கொடியின் சிவப்பும் ஷ்வீஸின் பழைய கொடியை ஒட்டியதே.

நாட்டில் நாலு மொழி, ஆகவே நாலு பெயர்: ஷ்வைட்ஸ், ஸ்விஸ், ஸ்விட்ஸெரா, ஸ்வித்ஸ்ரா. அஞ்சல் தலையில் எதைப் போடுவது? சண்டையே வேண்டாம் என்று லத்தீனில் 'ஹெல்வெட்டியா' போட்டுவிட்டார்கள். ஜூலியஸ் சீசர் காலத்தில் இங்கிருந்த ஹெல்வெட்டியர் இன்று யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் பொது. வண்டிகளின் பின்னால் ஒட்டியிருக்கும் 'சிஎச்', 'ஹெல்வெட்டியக் கூட்டாட்சி' என்பதன் லத்தீன் பெயருக்குச் சுருக்கம்.

இரவு ஸூரிக்கில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை கடையில் இடியப்பமும் சொதியும். "இந்தியாவிலயிருந்தோ வாறியள்?" என்று கேட்டு, கேட்காமலே ஒரு வடை வைத்தார். இங்குள்ள தமிழருக்கு நாட்டின் முழுப் பெயரே தேவையில்லை. 'சுவிஸ்' போதும். ஜெர்மன் மொழி அவர்களுக்கு 'டொச்'. இந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு ஒரே சந்தோஷம். நாம் ஜெர்மனி என்பது ரோமாபுரிக்காரன் சொன்னதை ஆங்கிலம் வழியாகத் திருப்பிச் சொல்வது. ஃபிரெஞ்சுக்காரன் 'அலமாஞ்' என்பான், எல்லையை ஒட்டி இருந்த அலமானிக் குலத்தை வைத்து. ஃபின்லாந்துக்காரன் 'சாக்ஸா', சாக்ஸன்களை வைத்து. டொச் மட்டும் அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்டது. 'மக்களுடைய' என்ற பழஞ்சொல், லத்தீன் தெரியாத சாதாரண மக்களின் பேச்சு. அகதியாக வந்து இறங்கியவர்கள் புத்தகத்தில் படிக்காமல் காதால் கேட்டு எடுத்ததால், நேராக வீட்டுக்காரன் பெயரே கிடைத்திருக்கிறது.

வெள்ளி, ஃபிராங்க்ஃபர்ட்

விமானம் இரவில். பகலில் மைன் ஆற்றங்கரை. ஃபிராங்க்குகள் ஆற்றை இறங்கிக் கடந்த துறை என்பது ஊரின் பெயர். 794இல் சார்லமேன் கூட்டிய திருச்சபை மாநாட்டோடு இது ஏடுகளில் ஏறுகிறது. ஃபிராங்க்குகள் ஜெர்மானியர். அவர்கள் ரைன் தாண்டிப் போய் ஆண்ட நாடு பிரான்ஸ் ஆனது. பெயரைக் கொடுத்தார்கள், மொழியைக் கொடுக்கவில்லை. ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களின் லத்தீன் வழிப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். கிரேக்கர் இன்றும் பிரான்சை 'காலியா' என்று ஃபிராங்க்குகளுக்கு முந்தைய பெயரால்தான் சொல்கிறார்கள். 

சிலுவைப் போர்க் காலத்தில் அரபியர் மேற்கிலிருந்து வந்த எல்லோரையும் 'ஃபரஞ்சி' என்றார்கள். பாரசீகத்தில் 'ஃபரங்கி'. கப்பலும் வணிகமும் அதைக் கிழக்கே கொண்டுவந்தன. போர்த்துக்கீசியர் நம் கரையில் இறங்கியபோது பெயர் அவர்களுக்காகத் தயாராகக் காத்திருந்தது: பரங்கி. பரங்கிப்பேட்டை, பரங்கிமலை. அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கும் பரங்கிக்காய். தாய்லாந்தில் 'ஃபரங்' என்றால் வெள்ளைக்காரன், கொய்யாப்பழமும் அதே.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம ஊர் பரங்கிக்காய்க் கூட்டுக்கு இந்த ஊர்தான் பேர் வச்சுதாக்கா?" என்றான். இந்த ஊர் இல்லை, இந்த ஊருக்குப் பெயர் வைத்த அதே கூட்டம் என்று திருத்தினேன். அவன் அதற்குள் பெட்டியை எடை போடும் வரிசைக்குப் போய்விட்டான்.